மாமியின் கால் பரிசோதனை

ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வாக்கில் நடந்தது இது. நாங்கள் அப்போது பழவேற்காட்டில் இருந்தோம். என் மாமிக்கு, அதாவது என் கணவரின் தாயாருக்கு, வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தன் தம்பியோடு ஹஜ்ஜுக்குப் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. பம்பாய் போய்க் கப்பலேற வேண்டும், இறங்கிய பிறகு அந்தக் கூட்டத்தில் நடையோ நடை என்று நடக்க வேண்டும். "உம்மா, பொன்னேரி டாக்டர் ஒன் காலப் பாத்து சரின்னா போ. இல்லாங்காட்டி இந்தப் பேச்சே வாணாம்" என்று என் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

துணைக்குப் போனது நான். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவதில் மட்டும் யாருக்கும் சளைத்தவள் இல்லை. மாமி விழுந்துவிட்டால், டாக்டர் திட்டினால், திரும்பிவர பஸ் கிடைக்காவிட்டால் என்று வழியெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் நல்ல மனிதர்தான். முக்காலியிலிருந்து எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொன்னார். மாமி இரண்டு கையாலும் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடியபடி, என் மேல் சாய்ந்து எழுந்தார். சுவர்வரை நடந்து வரச் சொன்னார். குனிந்த தலையோடு அடிமேல் அடி வைத்துப் போனார். வந்து சேர்வதற்குள் எனக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. கடைசியில் டாக்டர் தன் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மாமி துணிக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் நீட்டி, தொட்டும் தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"கால்லயும் பலம் இல்ல, கையிலயும் பலம் இல்ல. அவ்ளோ தூரம் வேண்டாம்மா" என்றார் டாக்டர்.

வீட்டில் கிணற்று நீரை இறைத்துக் குடம் குடமாகக் கொண்டுவருகிறவர் மாமி. அப்போது அது என் நினைவுக்கே வரவில்லை. இவ்வளவு தளர்ந்துவிட்டாரே என்று எனக்கும் அழுகை வந்தது. மாமி வெளியே வந்து துப்பட்டி ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர்க்கடைப் பானையில் தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. இடம் போய்விடுமே என்ற பதற்றத்தில் நான் முண்டியடித்து ஏறிவிட்டேன். கண்டக்டர் விசில் ஊத, பஸ் நகர, நான் "ஐயோ மாமி!" என்று அலறினேன்.

திரும்பிப் பார்த்தால், துப்பட்டியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மாமி ஓடி வருகிறார். "யோவ் நைனா, நிறுத்துய்யா! எங்க ஊட்டுப் பொண்ணு உள்ள கீறா! தனியா வுட்டா பயந்தே செத்துருவா!" என்று பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டினார். பஸ் நின்றது. ஒரே எட்டில் படியேறி என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு நொறுங்கின.

"ஆயா, இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா பஸ்ஸுக்கு முன்னால நீ ஊடு போயிருப்ப" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த டாக்டர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஜன்னலருகே வந்து, "இந்தக் காலை உள்ள வரும்போது எங்கம்மா வெச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

மாமி சட்டென்று முக்காட்டை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அன்னிய ஆம்பள எதிர்க்க கைய வீசிக்கினு நடப்பாங்களா? இன்னாமா கேக்குறாரு இவரு?"

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "மாமி தாராளமா போகலாம்னு நான் சொன்னதா உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா" என்று என்னை அனுப்பி வைத்தார்.

மாமி போனார், நடந்தார், நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். வயதான பெண்மணி யாராவது தயங்கித் தயங்கி நடப்பதைப் பார்த்தால் நான் இப்போதெல்லாம் உடனே கவலைப்படுவதில்லை. எதிரே யார் நிற்கிறார் என்று ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.