எமனுக்குத் தெரியாத பெயர்

எங்கள் வீட்டில் எமனைப் பற்றிப் பேசினால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். அவன் எதைக் கவனிப்பான், எதைத் தள்ளிவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். சித்தியின் முதல் இரண்டு குழந்தைகளும் தவழுவதற்கு முன்பே போய்விட்டதால் வந்த ஞானம் அது.

மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. ஆரணியில் எங்களைப் போலப் பட்டு நெய்கிற வீடுகளில் இப்படி நேர்ந்தால், குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கி, குப்பம்மா என்று பெயர் வைத்துவிடுவார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நம்பிவிடுவானாம். அம்மா முறத்தைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள்.

கெடுத்தது மாமாதான். அவர் சித்தியின் அண்ணன்; சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தொட்டில் போடுவதற்கு முதல் நாள் போனும் கையுமாக வந்து இறங்கினார்.

“குப்பம்மா, பிச்சையம்மாலாம் எமனுக்கு மனப்பாடம் ஆயிட்சி மாப்ளே. அவனுக்குத் தமிழ் தெரியும், தெலுங்கு தெரியும், சமஸ்கிருதம் சொல்லவே வேணாம். கிரீக் தெரியுமா?”

சித்தப்பா தறியை விட்டு எழுந்து வந்தார். மாமா போனைப் பார்த்துப் படித்தார். ஜோயி. கிரேக்க மொழியில் உயிர் என்று பொருள். அதையே லத்தீன்காரர்கள் வீட்டா என்றார்கள். வைட்டமின் என்ற சொல்லில் இருப்பது அதுதான். மிருகக்காட்சி சாலைக்கு இங்கிலீஷில் இருக்கும் பெயரும் அந்தக் கிரேக்க வேரிலிருந்து வந்தது என்றபோது மட்டும் சித்தப்பா தயங்கினார்.

“இன்னா மச்சான், வண்டலூர்ல கீற ஜூவா?”

“உயிரோட இருக்கறதெல்லாம் அதுல அடக்கம் மாப்ளே. உயிரோட இருந்தா போதும் இல்ல நமக்கு?”

அந்தப் பெயரே முடிவாயிற்று. சித்தியை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் தொட்டிலில் போட்டார்கள். பெற்றவள்தான் பெயரை மூன்று முறை காதில் சொல்ல வேண்டும் என்றார்கள். சித்தி குனிந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, எங்களுக்குக் கேட்காதபடி சொன்னாள். நாங்கள் எல்லோரும் ஜோயி, ஜோயி என்று கைதட்டினோம்.

அன்றிலிருந்து கண்ணு, செல்லம் என்று யாரும் கொஞ்சக் கூடாதென்று கட்டளை. சித்தப்பா தறியில் உட்கார்ந்தபடியே தெருவுக்குக் கேட்கும்படி “ஜோயி!” என்று கத்துவார். எமன் காதில் விழ வேண்டுமே. சித்தி மட்டும் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டாள். “ஏ, இங்க பாரு” என்பதோடு சரி. சித்திக்குப் பாப்பாவைப் பிடிக்கவில்லை என்று நான் அம்மாவிடம் கோள் சொன்னேன்.

“வாய மூடிகினு போய்ப் படி” என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆடியில் பாப்பாவுக்குச் சளி கட்டியது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கொண்டுவந்து, மறுபடியும் கொண்டுபோனார்கள். நெஞ்சு குழிந்து குழிந்து மூச்சு வாங்கும். கொடுத்த மருந்துகளில் ஒன்று வைட்டமின் சொட்டு. பாப்பாவின் பெயர் அதில் லத்தீனில் இருக்கிறது என்று எனக்குப் பெருமை. ஒவ்வொரு சொட்டுக்கும் அவள் பெயரே அவளுக்குள் இறங்குகிறது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். இன்றும் மருந்துக்கடையில் அந்த மாதிரிக் குப்பியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் காலை தறிச்சத்தம் சட்டென்று நின்றது. உள்ளே ஓடினேன். சித்தப்பா பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு “ஜோயி, ஜோயி” என்று உலுக்கிக்கொண்டிருந்தார். அவள் தலை அவர் கைமீது துவண்டு கிடந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சித்தி பிள்ளையைப் பிடுங்கி மடியில் போட்டு, தொட்டிலில் போட்ட அன்று போலவே காதோடு வாய் வைத்து, “வள்ளி” என்றாள். பிறகு தெருவே கேட்கும்படி கத்தினாள்.

“வள்ளி! ஏ வள்ளி! எங்கடி போற, வள்ளி!”

எங்கள் வீட்டில் வள்ளி என்று யாரும் இல்லை. சித்தி யாரையோ உதவிக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

“உங்கள்ல யாரு வள்ளி? சித்தி கூப்புடறாங்க, ஜல்தி வாங்க” என்றேன்.

எல்லோரும் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். சித்தி கூப்பிடுவதை நிறுத்தவே இல்லை. கூப்பிட்ட ஆள் இன்னும் வரவில்லையே என்று, தெருக்கோடியைப் பார்த்தபடி நான் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன்.