இரண்டாவது தொட்டியின் பக்கிள்

கண்ணாடிக் கடையில் அவருக்கு வைத்திருந்த பெயர் மில்லிமீட்டர். ஒரு கருவிழிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுவார். எழுதிவிட்டு மறுபடி அளப்பார். ஃப்ரேம் மூக்கின் மேல் துளி சாய்ந்திருந்தாலும், படியிறங்கிப் போன வாடிக்கையாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். அவர் கையால் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளியே போவதற்குள் பார்வையே தானாகச் சரியாகிவிடும் என்று கடையில் சிரிப்பார்கள். இருபத்தாறு வருடமாக இப்படித்தான்.

அந்த மனிதருக்கு ஐம்பது வயதில் இறகுத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போன வாடிக்கையாளர் ஒருவர் தூண்டில் கம்பையும் நூல் சுற்றும் சக்கரத்தையும் அவரிடம் விட்டுப்போனதுதான் ஆரம்பம். புழு கோத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் வேலையல்ல அது. இறகு சுற்றிய முள்ளுக்கு எடையே கிடையாது. தடித்த நூலின் கனத்தைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் ஆட்டித்தான் முள்ளைக் கடலுக்குள் அனுப்ப வேண்டும். பிறகு நூலைக் கையால் சாண் சாணாக இழுத்தால், முள் மீன்குஞ்சு மாதிரி ஓடிவரும். இழுத்த நூலை எங்கே போடுவது என்பதில்தான் வில்லங்கம். கீழே விட்டால் அலை அதை வாரிக்கொண்டு போய்ப் பாசியோடு பின்னிக் காலைச் சுற்றிவிடும். அதற்காகத்தான் இடுப்பில் ஒரு தொட்டியைக் கட்டிக்கொள்கிறார்கள்.

அவருடைய முதல் தொட்டி வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. விளிம்பில் இரண்டு துளை போட்டு, நைலான் கயிறு கோத்து, முதுகுப் பக்கம் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டார். கழுவத் தொட்டியைத் தேடிய மனைவி அவரை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, கடலில் போய் யார் வீட்டுப் பாத்திரம் கழுவப் போகிறீர்கள் என்று கேட்டாள். அதோடு இன்னொன்றும் சொல்லி வைத்தாள். ஒரு நாள் கால் தடுக்கி விழுந்தார் என்று காதில் விழுந்தாலும் போதும், கம்பு பரணுக்குப் போய்விடும்.

போன வருடம் விழுந்தார்.

முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பக்கவாட்டில் வந்த ஓர் அலை தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. அடியில் வடிதுளைகள் இருந்தன. ஆனால் அலை ஒரே வீச்சில் ஊற்றியதை அவை நிதானமாகத்தான் வெளியே விட்டன. அதற்குள் பின்வாங்கிய தண்ணீர் தொட்டியைப் பிடித்து இழுக்க, தொட்டி அவரை இழுத்தது. கை முதுகுக்குப் போனது. நனைந்த முடிச்சு கல்லாக இருந்தது. இரண்டு முறை உப்புத் தண்ணீர் குடித்தார். மூன்றாவது முறை, ஏனென்று தெரியாமல், கயிறு தானாக நழுவியது. கரையில் வெகுநேரம் உட்கார்ந்து சட்டையைக் காயவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மீன் கிடைத்ததா என்று மனைவி கேட்டதற்கு இன்றைக்கு இல்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த வாரமே இரண்டாவது தொட்டி வாங்கப் பிளாஸ்டிக் கடைக்குப் போனார். ஒவ்வொரு தொட்டியாக இடுப்பில் வைத்துப் பார்த்தார். ஆழம் குறைந்தால் காற்று நூலைத் தூக்கிவிடும். ஆழம் கூடினால் குனிந்து இழுத்து முதுகு போய்விடும். முழங்கை மடங்கினால் கை தானாக உள்ளே விழ வேண்டும், அதுதான் கணக்கு. பையிலிருந்து நூலை எடுத்து உள்ளே சுருள் சுருளாக விட்டுக் குலுக்கியும் பார்த்தார். துணி துவைக்கவா குழந்தையைக் குளிப்பாட்டவா என்று கேட்ட கடைக்காரம்மா, பதிலைக் கேட்டதும் மற்ற வாடிக்கையாளர்களைத் தள்ளிநிற்கச் சொன்னாள். வீட்டில், லென்ஸுக்குப் புள்ளி வைக்கும் பேனாவால் அடியில் அளந்து குறித்து, ஒன்பது இடத்தில் விறைப்பான நைலான் இழைகளை நிமிர்த்தி நட்டார். சுருள்கள் ஒன்றோடொன்று புரளாமல் அவை தடுக்கும். கயிற்றுக்குப் பதில் பட்டையான பெல்ட். அதில், பழைய பள்ளிப் பையிலிருந்து வெட்டியெடுத்த பக்கிள். இரண்டு பக்கமும் விரலால் அமுக்கினால் தொட்டி கழன்று விழும். ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு, நூறு தடவை அமுக்கிப் பார்த்தார்.

பழைய தொட்டி குளியலறை மூலையில் கிடந்தது.

இந்த வருடம் அவர் மனைவியின் தம்பிக்கும் அந்த ஆசை வந்தது. பஸ் டிரைவர். ஓயாத வாய், நல்ல மனசு. தொட்டி வேண்டும் என்று வந்து நின்றபோது மூலையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். கயிற்றை மாற்ற வேண்டும் என்று கை துறுதுறுத்தது. மாற்றினால் ஏன் என்று கேட்பான். சொன்னால் அக்காவிடம் போகும். அடுத்த வாரம் ஒரு பக்கிள் வாங்கிப் பேச்சோடு பேச்சாக மாட்டிவிடலாம் என்று நினைத்தார். அரை மில்லிமீட்டருக்கு ஆளைத் திருப்பி அழைக்கிறவர் அன்றைக்கு, “ரெண்டு முடிச்சாப் போட்டுக்க மாப்ள” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நடந்தது. அதே மாதிரி அலை, அதே முழங்கால் தண்ணீர். மச்சினன் பின்பக்கமாக விழுந்து தோளைக் கல்லில் இடித்துக்கொண்டான். பிறகு தொட்டி அவனை உள்ளே இழுத்தது. அவனுடைய ஒரு கை தொங்கியது, இன்னொரு கை முதுகில் முடிச்சைத் தேடியது. எதைத் தேடுகிறது என்று உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தன் பக்கிளைத் தட்டிவிட்டு ஓடினார். நூல் வெட்டும் குட்டிக் கத்தரிதான் கையில் இருந்தது. கயிறு இழை இழையாக அறுந்தது. மச்சினன் முகம் மூன்று முறை தண்ணீருக்குள் போய் வந்த பிறகுதான் கடைசி இழை விட்டது.

தோள் எலும்பு நழுவியிருந்தது. ஆறு வாரம் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னார்.

அவரால் தாங்க முடியாமல் போனது அதற்குப் பிறகு வந்ததைத்தான். மனைவி போனில் எல்லோருக்கும் சொன்னாள். கடல் என்று பார்க்காமல் குதித்தாராம், கத்தரியால் அறுத்துத் தூக்கினாராம். கடை முதலாளி எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். இனிமேல் கம்பு பரணுக்குப் போகாது என்று மனைவியே சொல்லிவிட்டாள். ஆபத்துக்கு நின்ற மனிதரை எப்படித் தடுப்பது? கடையில் ஒரே கண்ணை நான்கு முறை அளந்தார். நான்கிலும் வேறு வேறு எண் வந்தது.

இரண்டு வாரம் கழித்து மச்சினனைப் பார்க்கப் போனார். அவன் கட்டிலில் சாய்ந்து, ஒரு கை கழுத்திலிருந்து கட்டிய தூளியில் தொங்க, மறு கையால் ஒரு புதுத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நைலான் கயிற்றைத் துளையில் கோத்துப் பல்லால் இழுத்தான்.

“நம்ம கண்டக்டருக்கு, மாமா. நம்ம கதையக் கேட்டதுலேருந்து நானும் வரேன்னு நிக்கிறாரு. மனுஷன் தண்ணில எறங்குனா செங்கல்லு. அதான் நீங்க குடுத்த தொட்டி மாதிரியே கச்சிதமா ஒண்ணு போட்டுத் தரேன்.”

தொட்டியில் ஒரு குறையும் இல்லை, தன் கால்தான் தடுமாறியது, மாமா மாதிரி நிலையாக நின்றிருந்தால் விழுந்திருக்கவே மாட்டேன் என்று பேசிக்கொண்டே போனான். கயிற்றின் முனையை அவரிடம் நீட்டி, ரெண்டு முடிச்சா இறுக்கிப் போட்டுக் குடுங்க, ஒத்தக் கையால முடியல என்றான்.

அவர் முனையை வாங்கிக்கொண்டார். முடிச்சுப் போடவில்லை.

“மாப்ள, நான் உனக்குக் குடுத்த தொட்டி போன வருஷம் என்னையும் இழுத்துச்சு.”

மச்சினன் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துவிட்டான். அவர் நிறுத்தாமல் சொன்னார். விழுந்தது, முடிச்சு அவிழாதது, சட்டையைக் காயவைத்தது, அதற்குப் பிறகுதான் பக்கிள் வைத்த தொட்டி செய்தது. அக்காவுக்குத் தெரிந்தால் கம்பை விட வேண்டும் என்று பயந்து, தெரிந்தே பழையதை அவனிடம் கொடுத்தது. எல்லாவற்றையும் கயிற்றைப் பார்த்தே சொன்னார்.

மச்சினன் மடியிலிருந்த தொட்டியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

“அப்போ உங்களுக்கு யாரு அறுத்து விட்டா?” என்று கேட்டான்.

“யாரும் இல்ல. தானா அவுந்துச்சு.”

“எனக்கு அவுழல.”

தோளில் மாட்டி வந்த துணிப்பையிலிருந்து தன்னுடைய தொட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார். அதைக் கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்ல வந்தார். இரண்டு வாரமாகப் பையில் தூக்கிக்கொண்டு அலைந்ததும், ஒவ்வொரு நாளும் தெருமுனையிலேயே திரும்பிப் போனதும் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார். மச்சினன் பக்கிளை எடுத்து ஒரு கையால் அமுக்கினான். கழன்றது. மாட்டினான், மறுபடி அமுக்கினான். பிறகு புதுத் தொட்டியில் தான் கோத்திருந்த கயிற்றை உருவித் தரையில் போட்டான்.

“இந்தப் பக்கிள் தொட்டி கண்டக்டருக்குப் போகட்டும். எனக்கு நீங்க ஒண்ணும் செஞ்சு தர வேணாம், மாமா. கை சரியானதும் நானே செஞ்சுக்கறேன்.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். “அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நான் சொல்ல மாட்டேன்” என்றான். அதில் அவரைக் காப்பாற்றும் தொனி துளியும் இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தார். கதவு திறந்திருந்தது. மனைவி காய் நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, யாரோ பழைய தோழியிடம் கடல் கதையைச் சொல்லி, குட்டிக் கத்தரி வரைக்கும் வந்திருந்தாள். இதோ அவரே வந்துட்டாரு, நீயே பேசு என்று போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அவங்கள அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லு” என்றார். “நீ சொல்ற கதைக்கு முன்னால ஒண்ணு நடந்துச்சு. அத நான் உனக்குச் சொல்லணும்.”