மூடியவர் என்று அவர் பெயர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. பழுது என்று சொன்னவரே ஏறி இறங்கிப் பார்த்துத் தலையாட்டும்வரை கருவிப்பையைக் கட்டமாட்டார்.

மாலையில் சம்பளமில்லாமல் பார்த்த வேலையிலும் அப்படித்தான். மனைவியின் தம்பி தொடங்கி, பலர் சேர்ந்து இலவசமாக எழுதும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது; திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும். அதில் வரும் குறைகளைச் சோதித்து, தீர்ந்தது என்று மூடுவது இவர் பொறுப்பு. குறை சொன்னவர் ஒப்பாமல் ஒன்றையும் மூடியதில்லை.

மின்னஞ்சலில் வரும் குறைகள் மலையாகக் குவிந்ததால், அவற்றைப் பதிந்து நிலவரம் காட்டும் பக் டிராக்கர் ஒன்று தேவைப்பட்டது. இரண்டு போட்டியில் இருந்தன.

"நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா. அப்புறம் எல்லாருமா ஓட்டுப் போட்டுக்கலாம்" என்றான் மைத்துனன். பழைய குறைகளை இரண்டிலும் ஏற்றிப் பார்க்க இவருடைய டோக்கனையும் கேட்டான். அந்த எண்வரிசை கையில் இருந்தால் இவர் பெயரிலேயே எதையும் செய்யலாம். வீட்டுப் பிள்ளைதானே என்று கொடுத்தார்.

அதிகக் குறை எழுதுபவர் பார்வையற்ற டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர். அவருடைய சுவிட்ச்போர்டு அறையில் மெக்கானிக்கும் அவரும் உட்கார்ந்து சோதித்தார்கள். முதலாவது அழுது வடிந்தாலும் சொன்னபடி கேட்டது. இரண்டாவது மினுக்கியது, ஆனால் நுழைவதற்கே ஒரு படப்புதிர் வைத்திருந்தது.

"பஸ் இருக்கிற படத்தையெல்லாம் தொடணுமாம்."

"ஹாரன் அடிக்கச் சொல்லுங்க சார், தொட்டுடறேன்."

சிரித்து ஓய்ந்தபின் அதையே ஒரு குறையாக, ஆபரேட்டரின் மின்னஞ்சல் முகவரியோடு அந்த இரண்டாவதிலேயே பதிந்தார் மெக்கானிக். "நீங்க நுழைய முடியாதது நமக்கு வேண்டாம். அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

ஓட்டெடுப்புக்கு முன்பே, மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு நின்றபோது ஆபரேட்டர் அழைத்தார்.

"சார், மெயில் வந்துச்சு. என் குறையை மூடியாச்சாம். 'திருத்தப்போவதில்லை'ன்னு இருக்கு. மூடினவர் பேரு..." கொஞ்சம் தயங்கினார். "உங்க பேருதான் சார் வாசிக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நான் மூடலைங்க" என்றார். அவர் காதுக்கே அது சாக்குப்போலக் கேட்டது.

வேலை முடிந்ததும் நேராக மைத்துனன் வீட்டுக்குப் போனார்.

"ஓட்டு என்னாச்சு மாப்ள?"

"ரெண்டாவதுதான்னு எல்லார்கிட்டயும் தனித்தனியா பேசி முடிச்சுட்டேன் மாமா. பாக்க லட்சணமா இருந்தாத்தான் புது ஆளுங்க வருவாங்க. ஒருத்தருக்காக மொத்தத்தையும் நிறுத்த முடியுமா?"

"அப்ப உன் பேர்ல மூட வேண்டியதுதானே?"

"நான் மூடினா சண்டைக்கு வருவாங்க. நீங்க மூடினா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. உங்க பேருக்கு அவ்வளவு மதிப்பு மாமா!"

அதைப் பாராட்டாகவே சொன்னான்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியபோது மனைவி முகம் கொடுக்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"சொன்னா குதிப்பீங்கன்னான். அவன் தலையெடுக்கிற நேரம், நான் ஏன் குறுக்கே நிக்கணும்?"

அவர் கணினியைத் திறந்தார். முதலில் டோக்கனை ரத்து செய்தார். பிறகு மூடிக் கிடந்த அந்தக் குறையை மறுபடி திறந்துவிட்டு, "முன்பு மூடியது நான் அல்ல, என் டோக்கனை வைத்திருந்தவர்" என்று எல்லோரும் பார்க்க எழுதினார். சற்று நேரத்தில் குறை மறுபடி மூடப்பட்டது, இந்த முறை மைத்துனனின் சொந்தப் பெயரில்.

ஆபரேட்டரைப் போனில் அழைத்து, தான் எழுதியதையும் மைத்துனன் மூடியதையும் வாசித்துக் காட்டினார்.

"நீங்க இல்லைன்னு தெரிஞ்சுது, சந்தோஷம் சார்" என்றார் ஆபரேட்டர். "ஆனா இனிமே குறையை நான் எங்கே எழுதறது?"

அதற்கு அவர் வாய் திறப்பதற்குள், அடுத்த அறையில் மனைவி தொலைபேசியில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. "ஆமாண்டா, கோவமாத்தான் இருக்கார். விடு, ரெண்டு நாள்ல அடங்கிடுவார்."