படுக்க இடமில்லாத ஊர்

நான் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்காரன். கரையிறங்கக் கிடைக்கும் அரை நாளில் மற்றவர்கள் கடை தேடிப் போவார்கள், நான் கட்டடம் பார்க்கப் போவேன். ஜெனோவாவில் மலைச்சரிவெல்லாம் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். அடியில் துறைமுகத்தை ஒட்டி, தடித்த தூண்களும் வளைவுகளுமாக ஒரு இருண்ட கடைத்தெரு. ஹம்பேர்க்கில் செங்கல் பண்டகசாலைகள் நேரே தண்ணீருக்குள்ளிருந்து எழும்பும். ரொட்டர்டாமிலோ திரும்பிய இடமெல்லாம் கண்ணாடி. ஒரே முகில் கட்டடத்துக்குக் கட்டடம் மாறிப் போவதை அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து நொந்தது.

வடகரையில் எங்கள் ஊர்க் கல்வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவை. உப்புக்காற்றுக்குப் பயந்த வீடுகள் என்று எனக்கு இளக்காரம். என் வீட்டு மேல்மாடியில் கடலைப் பார்த்தபடி சுவரளவுக்கு ஒரு கண்ணாடி யன்னல் வைப்பதென்று தீர்மானித்தேன்.

எண்பத்தைந்தில் விடுமுறையில் வந்தபோது மேல்மாடிச் சுவர் எழும்பியிருந்தது. மேசன் யன்னலுக்கு இடம் விட்டிருந்தார். கண்ணாடி மட்டும் வரவேண்டும். அன்று பின்னேரம், வாங்கி வந்த படஅட்டைகளை விறாந்தையில் பரப்பி, மனைவிக்கும் சின்ன மகளுக்கும் ஒவ்வொரு ஊராக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்கை ஆக்கள் எங்கை படுக்கிறவை?"

"கட்டிலிலைதான். வேறை எங்கை?"

"கட்டிலை ஆர் கேட்டது? படுக்கிறது எங்கையெண்டு கேக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை, சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை விளங்கியது. காலையில் அந்த வெறும் யன்னல் வாயில் நின்று கடலின் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன். தொலைவில் சாம்பல் நிறத்தில் கடற்படையின் பீரங்கிக் கப்பல் ஒன்று. அதையும் சேர்த்துத்தான் ரசித்தேன், என் புத்தியைச் சொல்லவேண்டும். முதல் வெடி கேட்டதுமே ஒழுங்கை முழுவதும் ஒரே குரல்: "படு! படு!" சந்தைக்குப் போனவர் சைக்கிளோடு விழுந்து படுத்தார். நான் இறங்கி ஓடியபோது, கிணற்றடியில் பனங்குற்றி அடுக்கி மூடிய பதுங்கு குழிக்குள் மனைவி படுத்திருந்தாள். பக்கத்தில் மகள் குப்புறக் கிடந்தாள், காது இரண்டையும் பொத்தி, வாயைத் திறந்தபடி. அப்படித்தான் படுக்கவேண்டும் என்று யாரோ பழக்கியிருந்தார்கள். எழுத்துக்கூடத் தெரியாத வயதில் அவளுக்கு அது சரியாக வந்தது.

"உந்த யன்னலை அடைச்சுவிடுங்கோ," என்றாள் மனைவி, மண்ணைத் தட்டிக்கொண்டே. "கண்ணாடி மின்னினா கடலிலை நிக்கிறவன் எங்களைத்தான் குறி வைப்பான்."

"உந்தச் சண்டையெல்லாம் அடங்கிவிடும். அடுத்த லீவிலை கண்ணாடியோடை வாறன்," என்றேன். ஆசை யாரை விட்டது? யன்னல் வாயைத் தென்னோலைக் கிடுகால் மறைத்துவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டேன்.

மறுபடி ரொட்டர்டாம். உச்சி வெயில், அகன்ற சதுக்கம், புறாக்கள். கூட வந்த பிலிப்பைன்ஸ்காரனுக்கு ஒரு கட்டடத்தைக் காட்டி, இதைப் போல்தான் என் யன்னல் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அப்போது முதுகுப் பக்கம் பெரிதாக ஒரு இடி. பிறகு பார்த்தால் கல்லில் குப்புறக் கிடக்கிறேன். காதைப் பொத்தியிருக்கிறேன், வாய் திறந்திருக்கிறது. அவன் நான் வழுக்கி விழுந்ததாக நினைத்துச் சிரித்தான். அது வெடியல்ல. அடுத்த வளவில் புதுக் கட்டடமொன்றின் அத்திவாரத்துக்கு இயந்திரம் கொண்டு தூண் அடித்து இறக்கினார்கள். வீடு கட்டுகிற சத்தத்துக்குப் படுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று முதலில் வெட்கப்பட்டேன். ஆனால் எழும்ப முடியவில்லை. கிடந்தபடி சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் வானம் வரைக்கும் கண்ணாடி. ஒன்று உடைந்தாலும் எல்லாம் என் மேல்தான். எங்கே படுப்பது? அவள் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த முறை வீட்டுக்கு வந்த கையோடு மேசனைக் கூப்பிட்டு யன்னல் வாயைக் கல் வைத்து அடைப்பித்தேன். மனைவியே சீமெந்து குழைத்துக் கொடுத்தாள். மேல்மாடி பகலிலும் இருண்டு போனது. கடலில் இப்போது இரண்டு கப்பல்கள் நின்றன.

நான் திரும்பிப் போகிற நாள் காலையில் மகள் பழைய படஅட்டைகளை எடுத்து வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜெனோவா வளைவுகளுக்குக் கீழே விரலை வைத்து, "இதுக்குள்ளை படுக்கலாம்," என்றாள். ஹம்பேர்க் பாலத்தின் அடியையும் தொட்டுப் பார்த்து அதே பக்கம் வைத்தாள். ரொட்டர்டாமை நெடுநேரம் பார்த்தாள். மேலும் கீழும் விரலை ஓட்டினாள். பிறகு அதைத் தனியாகத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, நீங்கள் உந்த ஊருக்குப் போகாதேங்கோ. உங்களுக்குப் படுக்க இடமில்லை."

பிறகு ஜெனோவாவை எடுத்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு, கிணற்றடிக் குழிப் பக்கம் விளையாடப் போனாள்.