எடைக்கு வைத்த தண்ணீர்ப் பை

இது கட்டிச் சொன்ன கதையன்று, நடந்தது. அப்போது அந்த அறையில் இருந்தவர்கள் இருவர். இருவரும் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருத்தி கமலா, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ரத்த வங்கியின் பரிசோதகர். இரண்டு முறை சரிபார்க்காமல் எதையும் வாய்விட்டுச் சொல்லாதவள். மற்றவன் அவளுடைய உதவியாள் ராஜாங்கம். ஒன்று நடந்தால் நான்காகச் சொல்லிவிடுகிறவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவர் சொல்வதிலும் எள்ளளவு வேறுபாடில்லை.

டெங்கு தலைவிரித்தாடிய ஐப்பசி அது. ரத்தத்தைப் பிரிக்கும் யந்திரத்தை முதலாளி அந்தப் பருவத்தில்தான் வாங்கினார். முழுப் பையாக ஏற்றினால் ரத்தம் ஒருவருக்குத்தான் உதவும். யந்திரத்தில் சுழற்றினால் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என மூன்றாகும், மூவருக்கு உதவும். அதுவரை சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் போய்க்கொண்டிருந்த வியாபாரம் ஊருக்குள்ளேயே நிற்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

"பாலக் கடஞ்சி மோரு தனியா வெண்ண தனியா விக்கறாப்புல ஆயிடுச்சிக்கா நம்ம பொழப்பு" என்றான் ராஜாங்கம்.

"வாயக் கழுவுடா. பையத் தராசுல வை."

யந்திரத்தில் ஆறு கிண்ணங்கள். எதிரெதிர்க் கிண்ணங்களின் எடை ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையெனில் யந்திரம் உதறிக்கொண்டு தானே நின்றுவிடும். அன்று ஐந்து பை ரத்தம்தான் இருந்தது. ஆறாவது கிண்ணத்துக்கு வழக்கம்போல் தண்ணீர்ப் பை. காலாவதியான பையொன்றில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, வாயை ஒட்டி, மேலே 'தண்ணி' என்று ராஜாங்கம் கொட்டையெழுத்தில் எழுதி வைத்திருந்தான். எடைக்கு எடை. அதற்கு வேறு வேலை கிடையாது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மழையில் நனைந்தபடி பொன்னுரங்கம் நின்றிருந்தான். வெள்ளிமலைக்காரன். அவன் மனைவி செல்லியம்மாளுக்கு அன்று காலையில்தான் எதிர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். வங்கியில் அந்த வகை ஒரு பைகூட இல்லை. சேலத்திலிருந்து ஒன்று கிளம்பியிருந்தது; வழியெல்லாம் மழை. அதைவிட்டால் அவளுடைய அண்ணன் வேடியப்பன். அவனுக்கும் அதே வகை. மலையிலிருந்து வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

"மேடம், மச்சான் கெளம்பிட்டாருங்க. 'எந்தங்கச்சிக்கு இல்லாத ரத்தம் எனக்கு இன்னாத்துக்குடா, தோ வந்துகினே கீறேன்'னாரு."

"திரும்பக் கூப்ட்டுப் பாத்தீங்களா?"

"போவலீங்க. மலைப்பாதையில டவர் கெடைக்காது."

கமலா ஆறு பைகளையும் நிறுத்தாள். எடை சரி. மூடியைப் பூட்டி, யந்திரத்தை ஓடவிட்டாள். மணி நான்கு பத்து.

இரண்டு நிமிடம் ஓடியிருக்காது. யந்திரம் உதறியது. நின்றது. எடை ஏறுமாறு என்று விளக்கு எரிந்தது.

எடுத்து மீண்டும் நிறுத்தாள். ஐந்து பைகள் முன்போலவே இருந்தன. தண்ணீர்ப் பை மட்டும் பதினெட்டு கிராம் கூடியிருந்தது.

ஒட்டிய வாய் ஒட்டியபடியே இருந்தது. நீர் நிறம் மாறாமல் இருந்தது. ஆனால் பையைத் தராசிலிருந்து எடுத்தவள் அதை மறு கைக்கு மாற்றிப் பார்த்தாள்.

பை சூடாக இருந்தது.

கொதிக்கும் சூடன்று. அப்போதுதான் உடம்பிலிருந்து இறக்கிய பையில் இருக்கும் சூடு.

"வெய்யில்ல வச்சியா இத?"

"வெய்யிலா? மூணு நாளா எங்கக்கா வெய்யிலு?"

எதிர்க் கிண்ணத்தில் ரப்பர் வில்லைகளைச் சேர்த்து எடையைச் சமன் செய்தாள். மறுபடி ஓடவிட்டாள். இம்முறை யந்திரம் சீராக இரைந்தது.

அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம்.

கீச்... கீச்...

ரத்தம் கொடுப்பவர்கள் கைக்குள் வைத்து அமுக்கும் ரப்பர்ப் பந்தின் சத்தம். பக்கத்து அறை. அங்கே அன்று யாரும் ரத்தம் கொடுக்க வரவில்லை.

"உள்ள யாருடா?"

"யாருமில்லியேக்கா..."

கமலா எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். சத்தம் நின்றது. சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. அதன் கைப்பிடியில் பந்து. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல... மெல்ல... உப்பி உருண்டையானது.

பின்னால் யந்திரம் ஓட்டம் முடிந்து ஓய்ந்தது.

மூடியைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். ஐந்து பைகள் பிரிந்திருந்தன.

ஆறாவதும் பிரிந்திருந்தது.

அடியில் கருஞ்சிவப்பு. மேலே இள மஞ்சள். நடுவே நூலளவு வெண்மை. அவற்றின் மீது ராஜாங்கத்தின் கொட்டையெழுத்து: 'தண்ணி'.

ராஜாங்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அக்கா... அதக் கீழ வை."

அவள் வைக்கவில்லை. ஒரு சொட்டு எடுத்து வகை பார்த்தாள். வகை காட்டும் மூன்று மருந்திலும் ரத்தம் திரளவில்லை. ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த செல்லியம்மாளின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாள். பொருந்தியது. சந்தேகப்பட்டு இரண்டாம் முறையும் பார்த்தாள்.

பொருந்தியது.

தொலைபேசி அடித்தது. எதிர் ஆஸ்பத்திரி மருத்துவர்.

"ஏம்மா, ஒரு பை கூடவா இல்ல? தாங்காதும்மா அந்தப் பொண்ணு."

கமலா பையைப் பார்த்தாள். எண் இல்லை. கொடுத்தவர் பெயர் இல்லை. தண்ணீரில் சிவப்பணு கலந்தால் வெடித்துக் கரைந்துவிடும். இப்படி அடுக்கடுக்காக நிற்காது. இதை என்னவென்று சொல்லி ஒரு தாயின் நரம்பில் ஏற்றுவது?

கண்ணாடிக்கு வெளியே பொன்னுரங்கம் கைகூப்பிக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள்.

பையைக் கழிவுத் தொட்டியில் போட்டாள்.

அப்போதும் அது சூடாகவே இருந்தது.

சேலத்துப் பை வந்து சேர்வதற்கு அரைமணி முன்பு செல்லியம்மாள் இறந்தாள். பிள்ளை பிழைத்தது.

வேடியப்பனை மறுநாள் காலையில் கண்டெடுத்தார்கள். மலைப்பாதை வளைவொன்றில் வண்டி பள்ளத்தில் கிடந்தது. அது சரிந்த சத்தம் முந்தைய நாள் மூன்று மணிவாக்கில் கேட்டதாக மரவள்ளிக் காட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

பிணவறைக்குப் போய் அவனைப் பார்த்துவந்த ராஜாங்கம், கமலாவின் முகத்தைப் பாராமல் சொன்னான்.

"எடது கை மடிப்புல பஞ்சி வச்சி ஒட்டியிருக்குக்கா. ராவெல்லாம் மழ. பஞ்சி மட்டும் காஞ்சி கெடக்குது."

கமலா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிளாஸ்திரி ஓரத்த மடிச்சி வுட்டு ஒட்டியிருக்குது. பிரிக்கறப்ப வலிக்கக்கூடாதுன்னு... ரத்தம் எடுத்துட்டு நீ ஒட்டுவியே, அதே மாதிரி."