தகட்டைக் கழட்டினது யாரு?

கணபதி ஏரியாவுல கோவிந்தராஜுலு பட்டறை போர்டைப் பாத்தாலே சாராவுக்கு வயிறு பத்தி எரியும். எரியாம என்ன பண்ணும்? அண்ணன் ஜெப்ரியோட மூணு விரலு அங்க இரும்பை அமுக்கற பிரஸ் மிஷின்லதான் போச்சு. காது கேக்காத, பேச வராத மனுசன். "கையைக் காக்கற தகட்டை அவனே கழட்டிப்போட்டானுங்க"ன்னு முதலாளி விசாரணையில சொன்னாரு. அண்ணன் கையை ஆட்டி ஆட்டிக் கதறினான். ஒருத்தருக்கும் புரியலை. ஃபைலை மூடிப்போட்டாங்க.

இதே மாதிரி ரூம்ல உக்கார வெச்சே இந்த ஆளை நாறடிக்கறேன்னு சாரா அன்னிக்குக் கறுவினா. சைகை மொழிபெயர்ப்புப் படிப்புல சேந்ததே அதுக்குத்தான். சேவை செய்யச் சேந்திருக்குதுன்னு சர்ச்சுல நெனச்சுக்கிட்டாங்க. நெனச்சுக்கட்டும்!

தொண்ணூத்தி ஏழுல, வெளியில போய்ப் பழகறதுக்குப் பட்டியல் ஒட்டினாங்க. அதுல ஒரு வரி: தொழிலாளர் விசாரணை, கோவிந்தராஜுலு பட்டறை, காது கேக்காத ராசாத்தாள், ரெண்டு விரல். சாரா முந்திக்கிட்டுப் பேரைக் குடுத்தா. அண்ணனைப் பத்தி மூச்சு விடலை. தப்புத்தான், இருக்கட்டுமே.

படிப்புல கண்டிப்பாச் சொல்லியிருந்தாங்க. ரூம்ல யாரு என்ன பேசினாலும் கையில காட்டோணும், கை சொல்றதை 'நான்'னே சொல்லோணும், சொந்தமா ஒரு சொல்லு சேக்கக்கூடாது. ராசாத்தாளுக்காக நாலு சொல்லு சேத்துத்தான் சொல்றதுன்னு சாரா துணிஞ்சே போனா.

விசாரணை நடுவுல அதிகாரி ரிஜிஸ்டர் எடுக்க அடுத்த ரூமுக்குப் போனாரு. கோவிந்தராஜுலு குரலைக்கூடக் குறைக்காம மேஸ்திரி சென்னகிருஷ்ணன் கிட்டச் சொன்னாரு: "போன தடவை அந்த ஊமைப்பயலுக்குச் சொன்னதையே சொல்லிப்போடு. தகட்டை நாமதான் கழட்டினோம்னு இதுக்கு எங்க கேக்கப் போகுது?" காது கேக்காதவங்க முன்னாடி இருபது வருசமா இப்படியே பேசிப் பழகின வாயி. பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளைக்குக் காது இருக்குதுங்கற நெனப்பே இல்லை.

இனி எதுக்குச் சேக்கோணும்? சாரா அப்படியே கையில காட்டினா. 'ஊமைப்பயலு'ங்கறதையும் விடலை.

அதிகாரி வந்ததும் ராசாத்தாள் கட்டுப்போட்ட கையோட ஆவேசமாச் சொன்னா. சாரா வாயில அது வந்துச்சு: "தகட்டை அவங்கதான் கழட்டினாங்க. போன தடவை சொன்ன பொய்யவே சொல்லுன்னு இப்பத்தான் என் முன்னாடி பேசினாரு."

"ஏனுங்க, இந்தப் புள்ள சொந்தமாக் கட்டி உடுதுங்க!"ன்னு முதலாளி கத்தினாரு. சாரா அதையும் கையில காட்டினா.

அதிகாரி மேஸ்திரியைப் பாத்தாரு. சென்னகிருஷ்ணன் ராசாத்தாளோட கைக்கட்டைப் பாத்துட்டு, "அப்படித்தான் சொன்னாருங்க"ன்னுபோட்டான்.

"போன தடவைன்னா யாருக்கு?"ன்னு அதிகாரி ராசாத்தாளைக் கேட்டாரு.

அண்ணன் பேரு சாராவோட தொண்டை வரைக்கும் வந்துருச்சு. அவளாச் சொன்னா, கட்டி உடறான்னு அந்த ஆளு சொன்னது நெசமாயிருமே. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேள்வியை மட்டும் கையில காட்டினா.

ராசாத்தாள் ஜெப்ரிக்குப் பக்கத்து பிரஸ்ல நின்னவ, அவங்க ஊட்டுக்கும் வந்து போனவ. அவ கை சொன்னதைச் சாரா ஒடைஞ்ச குரல்ல சொன்னா: "ஜெப்ரி. அன்னிக்கு நான் பக்கத்துலதான் இருந்தேன். இப்ப எனக்காகப் பேசறாளே, இவளோட அண்ணன்."

கோவிந்தராஜுலு மொதத் தடவையா அவ மூஞ்சியைப் பாத்தாரு. நல்லாப் பாரு, பாத்துக்கோன்னு சாரா நிமிந்து உக்காந்தா.

அதிகாரி பழைய ஃபைலை எடுக்கச் சொன்னாரு, மொழிபெயர்க்க வேற ஆளையும் கேட்டாரு. அண்ணனை மறைச்சதுக்குப் படிப்புல கிழிகிழின்னு கிழிச்சாங்க, அன்னைக்குப் போனதைப் பயிற்சியில சேத்துக்கவும் இல்லை. போனாப் போகுது போங்க! அடுத்த மாசம் மறுபடி நடந்த விசாரணையில ஜெப்ரி ரெண்டு விரலோட மிஞ்சின அந்தக் கையைத் தூக்கி ஒரு மணி நேரம் பேசினான். புதுசா வந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல, கோவிந்தராஜுலு எதிர்ல உக்காந்து முழுசாக் கேட்டாரு.