கையை எடுங்கோ, சேர்

ஜெயரூபி தன் இடது காலை ‘அது’ என்றுதான் சொல்லுவாள். “அது இண்டைக்கு நோகுது.” “அதை இழுத்துக்கொண்டு வாறதுக்குள்ள பஸ் போயிட்டுது.” ஏதோ வீட்டில் ஒட்டிக்கொண்ட தூரத்துச் சொந்தக்காரரைப் பற்றிக் கதைப்பதுபோல இருக்கும்.

கட்டைபறிச்சானில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. 2006இல் சண்டைக்குப் பயந்து ஊர்ச்சனத்தோடு வெருகல் பக்கமாக ஓடும்போது ஷெல் துண்டு ஒன்று இடது இடுப்பில் பாய்ந்தது. வாகரை ஆஸ்பத்திரியில் காயத்தைத் தைத்தார்கள். துண்டில் ஒரு சிறு பகுதி எலும்புக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. அதை எடுக்கப் போனால்தான் ஆபத்து, இருந்தால் ஒன்றுமில்லை என்றார்கள். அன்றைக்கு அவளைச் சுற்றிக் கிடந்தவர்களில் பலர் பிறகு எழும்பவேயில்லை. அதனால் காலைப் பற்றி முறையிட அவளுக்கு வெட்கமாக இருந்தது. “தப்பினியே, அது போதும்” என்று மற்றவர்கள் சொன்னதை அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஊர் திரும்பினாள், வயல் செய்கிற சசிகரனைக் கலியாணம் முடித்தாள், பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் படிப்பித்தாள்.

ஒருநாள் முன்பள்ளியில் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தரையைக் காட்டி, “டீச்சர், ரத்தம்” என்றாள். ஜெயரூபியின் இடது உள்ளங்காலில் ஆணி ஒன்று ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் ஊசிமுனையால் பாதம் முழுக்கத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

“நரம்பில பிழையில்லை அம்மா. உணர்ச்சி இருக்குது. நீங்கள்தான் அந்தக் காலைக் கவனிக்கிறேல்லை.”

அந்தச் சொல் அவளைச் சுட்டது. வீட்டுக்கு வந்து செருப்புகளைத் திருப்பிப் பார்த்தாள். வலது குதி தேய்ந்து ஓட்டை விழுகிற நிலையில் இருந்தது. இடது செருப்பு புதிதுபோல இருந்தது.

திருகோணமலை நகரத்தில் யோகா ஆசிரியர் பயிற்சி தொடங்குவதாக மூதூர்ச் சந்தியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சும்மா யோகா பழகவும் இடங்கள் இருந்தன. ஆனால் ஜெயரூபிக்கு எதையும் படிப்பிப்பதற்காகப் படித்தால்தான் மனதில் நிற்கும். பேர் கொடுத்தாள்.

“இருக்கிற நோ போதாதெண்டு தேடிப் போறியோ?” என்று சசிகரன் கேட்டான்.

“ஓம், தேடித்தான் போறன்” என்றாள்.

சனிக்கிழமைகளில் மூதூரிலிருந்து பஸ்ஸில், கிண்ணியாப் பாலத்தால் நகரத்துக்குப் போவாள். மூதூரில் பெண்களுக்கென்று ஒரு உடற்பயிற்சி வகுப்புத் தொடங்க ஆசைப்பட்ட பஸ்மியா என்ற இளம்பெண்ணும் அதே பயிற்சிக்கு வந்தாள். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து போய் வந்தார்கள். வகுப்பு உட்துறைமுக வீதியில் ஒரு மேல்மாடியில் நடந்தது. யன்னலால் பார்த்தால் கப்பல்கள் தெரியும். படிப்பித்தவர் இரத்தினசிங்கம், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். எழுபதை நெருங்கியும் முதுகு கம்புபோல நிமிர்ந்திருந்தது. நல்ல மனிதர். பிழை விடுகிறவர்களை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

“ஆசனத்தை ஆரும் செய்யலாம்” என்று முதல் நாளே சொன்னார். “உடம்பு சொல்லுறதைக் கேக்கப் பழகினவர்தான் மற்றவைக்குப் படிப்பிக்கலாம்.”

வகுப்பு முடிவில் எல்லாரையும் மல்லாக்கப் படுக்கவிட்டு உறுப்புகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். சொல்லச் சொல்ல அந்த இடத்துக்கு மனதைக் கொண்டுபோக வேண்டும். வலது பெருவிரல், பாதம், முழங்கால், தொடை. ஜெயரூபிக்கு அங்கங்கே சின்னக் குறுகுறுப்பு, சூடு, பாரம் என்று ஏதாவது தெரிந்தது. இடது பக்கம் வந்தபோது ஒன்றுமில்லை. ஆளில்லாத வீட்டைத் தட்டியதுபோல இருந்தது.

அவள் விடவில்லை. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி வீட்டுச் சீமெந்துத் தரையில் படுத்து மனதால் இடது காலைத் தட்டினாள். வேறு விஷயங்கள் முதலில் தெரியவந்தன. கதிரையில் இருக்கும்போது முழுப் பாரத்தையும் வலது பக்கம் போடுகிறாள். படி ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். கூட்டத்தில் ஆராவது பின்னால் வந்தால் தாடை இறுகுகிறது. இத்தனை வருஷம் தன் உடம்பு தனக்குத் தெரியாமல் இவ்வளவு வேலை பார்த்திருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, இரத்தினசிங்கம் “இடது இடுப்பு” என்று சொன்னபோது அது வந்தது. முதலில் சூடு. பிறகு இடுப்பிலிருந்து குதிவரை ஒரு நடுக்கம். அதற்குப் பின்னால் அவள் எதிர்பாராத ஒன்று. எல்லாரும் படுத்திருக்க அவள் எழும்பி இருந்தாள்.

“என்ன ஜெயரூபி?”

“கோவம் வருது சேர்.”

“ஆர்மேல?”

“கனபேர்மேல. அடிச்சவை, ஓடச் சொன்னவை, தப்பினியே போதும் எண்டு சொன்னவை. என்னிலையும்தான்.”

“மூச்சோட வெளியில விடுங்கோ. யோகாவில கோவத்துக்கு இடமில்லை.”

“இவ்வளவு வருஷமா இது என்ர இடுப்புக்குள்ள கிடந்திருக்குது சேர். இண்டைக்குத்தான் கண்டனான். உடன விடச் சொல்லாதேங்கோ. கொஞ்சக்காலம் வச்சிருக்கப் போறன்.”

பஸ்ஸில் பஸ்மியா அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “சேரோட இப்பிடிக் கதைப்பீங்கண்டு நான் நினைக்கல்ல டீச்சர்.”

“நானும் நினைக்கேல்லை” என்றாள் ஜெயரூபி.

அன்றிரவு சாப்பிட்டு முடித்துவிட்டு, “என்ர கால் நோகுது” என்றாள். சசிகரன் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டான்.

பரீட்சை நெருங்க இரத்தினசிங்கத்துக்குப் பதற்றம் கூடியது. பத்மாசனம் கட்டாயம். இரண்டு பாதங்களையும் மறுதொடைகளின்மேல் மடித்து வைத்து இருக்க வேண்டும். ஜெயரூபியின் இடது முழங்கால் தரையிலிருந்து உயர்ந்தே நின்றது. ஒருநாள் அவர் அவளுக்குப் பின்னால் வந்து முழங்காலில் கையை வைத்து அமர்த்தினார்.

“கையை எடுங்கோ, சேர்.”

“இன்னும் கொஞ்சம்தான். அமர்த்தினால்தான் பழகும்.”

“எடுங்கோ.”

அவர் கையை எடுத்தார். முகம் கறுத்துவிட்டது.

“நான் உங்கட நன்மைக்குத்தான் செய்தனான்.”

“தெரியும் சேர். உடம்பு சொல்லுறதைக் கேளுங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். கேட்டனான். கையை எடுக்கச் சொல்லுது.”

“மன்னிப்புக் கேக்காமல் அடுத்த கிழமை வராதேங்கோ.”

அடுத்த சனிக்கிழமை ஜெயரூபி எல்லாருக்கும் முதலே போய்த் தன் பாயை வழக்கமான இடத்தில் விரித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. இரத்தினசிங்கம் வந்தார், பார்த்தார், பாடத்தைத் தொடங்கினார். அதன்பின் அவர் யாருடைய முழங்காலையும் கேட்காமல் தொட்டதில்லை.

பரீட்சைக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு அம்மா பரீட்சகராக வந்திருந்தார். பத்மாசனம் செய்து காட்டச் சொன்னார்.

“செய்யமாட்டன்” என்றாள் ஜெயரூபி.

“ஏலாதோ, மாட்டீங்களோ?”

“மடிச்சால் மடியும். பிறகு ரெண்டு கிழமைக்கு நடக்க ஏலாது. அதால மாட்டன்.”

“ஏலாதெண்டு டொக்டரிட்ட ஒரு துண்டு எழுதி வாங்கித் தந்தால் விலக்குத் தரலாம்.”

“என்ர காலை வருத்தமாட்டன் எண்டு சொல்லுறதுக்கு டொக்டர் எதுக்கு? படிப்பிக்கத் தெரியுமோ எண்டு பாருங்கோ. கதிரையில இருந்து ஒரு முழு வகுப்பும் எடுத்துக் காட்டுறன்.”

எடுத்துக் காட்டினாள். பரீட்சகர் கடைசிவரை பார்த்தார், நன்றாக இருந்தது என்றும் சொன்னார். விதி விதிதான் என்று சித்தியில்லாமல் விட்டார். பஸ்மியா சித்தியடைந்தாள். திரும்பி வரும்போது அழுதது பஸ்மியாதான்.

“என்ட பேர்ல வகுப்பை எடுங்க டீச்சர். சான்றிதழ் என்னட்ட இரிக்கிதானே.”

“உன்ர பேரில நான் ஏன் எடுக்கவேணும்? எனக்கும் ஒரு பேர் இருக்குது.”

கடைசியில் இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். கட்டைபறிச்சானில் பொதுமண்டபம் கேட்டபோது சான்றிதழ் இல்லாதவருக்குத் தர ஏலாது என்றது நிர்வாகம். ஜெயரூபி தன் வீட்டுக்குப் பின்வளவைக் கூட்டி, தென்னோலைக் கிடுகால் சுற்றி மறைத்தாள். விளம்பரத்தைத் தன் கையாலேயே எழுதி மூதூர்ச் சந்திவரை ஒட்டினாள். ‘பெண்களுக்கான யோகா. கதிரையில் இருந்தும் செய்யலாம். பஸ்மியா, சான்றிதழ் பெற்றவர். ஜெயரூபி, சான்றிதழ் இல்லாதவர்.’

அதைப் படித்துச் சிரித்தவர்கள்தான் முதலில் வந்தார்கள். மூதூரிலிருந்து முக்காட்டோடு வந்தவர்கள், வயலில் குனிந்து இடுப்புப் பிடித்தவர்கள், பிள்ளை பெற்றபின் வயிற்றைக் கண்ணாடியில் பார்க்காதவர்கள். எல்லாரையும் படுக்கவிட்டு ஜெயரூபி உறுப்புகளின் பெயரைச் சொல்லுவாள். ஆருக்காவது ஓரிடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் அவசரப்படுத்தமாட்டாள். பரீதா என்ற பெண் ஒருநாள் நெஞ்சு என்று சொன்னதும் எழும்பி இருந்து, தன் கொண்டவனை வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினாள். மற்றவர்கள் அவளை அடக்கப் பார்த்தார்கள்.

“ஏசட்டும்” என்றாள் ஜெயரூபி. “அவ முடிச்சாப்பிறகு வயிற்றுக்கு வருவம்.”

அடுத்த வருஷமும் அவள் பரீட்சைக்குப் போனாள். பத்மாசனம் செய்யவில்லை, டொக்டர் துண்டும் கொண்டுபோகவில்லை, சித்தியும் இல்லை. இந்த வருஷமும் பேர் கொடுத்திருக்கிறாள். அதைக் கேள்விப்பட்டு இரத்தினசிங்கம் போன் எடுத்தார்.

“பிள்ளை, இந்தமுறையாவது காலை மடிப்பீங்களோ?”

“மடிக்கமாட்டன் சேர். ஆனால் வருவன்.”

மண்டபத்தில் ஒரு கதிரை போட்டுவைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

“ரெண்டு போடுங்கோ” என்றாள் ஜெயரூபி. “பரீட்சகரும் ஒருக்கா இருந்து செய்து பாக்கட்டும்.”